நட்சத்திரங்களுக்கு வரவு செலவு எழுதிய அம்மையார்

இரவில் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்ப்பவர்களுக்கு, நட்சத்திரங்கள் எல்லாம் ஆணி அடித்து வைத்தாற்போல் அசையாமல் இருப்பதாகவே தோன்றும். பாட்டனார் பார்த்த சப்தரிஷி மண்டலத்தைத்தான் பேரனும் பார்க்கிறான். அதில் ஒரு மாற்றமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் உண்மை அதுவன்று. வானத்தில் ஓரிடத்தில் நிற்கும் பொருள் என்று ஒன்றுமே கிடையாது. நம்முடைய சூரியனே விநாடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில், பூமி முதலிய கிரகங்களையும் இழுத்துக்கொண்டு, பால்வீதி மண்டலத்தின் மையத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு முறை சுற்றிவர அதற்குச் சுமார் 22 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பிறந்து 460 கோடி ஆண்டுகள் ஆன சூரியன் இதுவரை ஏறத்தாழ இருபது சுற்றுகளையே முடித்திருக்கிறது.

இப்படி ஓடுகிற நட்சத்திரங்கள் சும்மா ஓடவில்லை. ஓடிக்கொண்டே சமையலும் செய்கின்றன. ஆதியில் பிரபஞ்சத்தில் இருந்தவை பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் என்ற இரண்டு வாயுக்களே. நம் ரத்தத்திலுள்ள இரும்பும், எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும், நாம் சுவாசிக்கும் பிராணவாயுவும் பிற்பாடு நட்சத்திரங்களின் வயிற்றில் வெந்து உண்டானவை. அந்த நட்சத்திரங்கள் இறக்கும்போது இந்தப் பொருள்கள் வெளியே சிதறி, வாயுவோடு கலந்து, அடுத்த தலைமுறை நட்சத்திரங்களுக்கு மூலப்பொருளாகின்றன. எந்தக் காலத்தில், எந்த இடத்தில், எவ்வளவு இரும்பு சேர்ந்தது, எவ்வளவு பிராணவாயு சேர்ந்தது என்று கணக்கு எழுதுவது வானியலில் ஒரு தனித் துறையாகவே இன்று வளர்ந்திருக்கிறது.

இந்தக் கணக்குக்கு முறையான பேரேடு போட்டுக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் பியாட்ரிஸ் டின்ஸ்லி. 1981-ம் ஆண்டில், நாற்பதே வயதில் அவர் மறைந்தார். ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தது சுமார் பதினான்கு ஆண்டுகளே. அதற்குள் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஏறத்தாழ நூறு. அதற்கு அவர் கொடுத்த விலையும் கொஞ்சமன்று.

பாதிரியாரின் மகள்

பியாட்ரிஸ் ஹில் 1941-ம் ஆண்டு ஜனவரி 27-ம் தேதி இங்கிலாந்தில் செஸ்டர் நகரில் பிறந்தார். உலக யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம் அது. மூன்று பெண்களில் இவர் நடுப்பெண். யுத்தம் முடிந்ததும், 1946-ல், அந்தக் குடும்பம் பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறி உலகத்தின் மறுகோடியிலுள்ள நியூஜிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. தகப்பனார் எட்வர்டு ஹில் கிறிஸ்தவப் பாதிரியாராக இருந்தவர். பின்னாளில் நியூ பிளைமவுத் என்ற ஊரின் மேயராகவும் விளங்கினார்.

அந்த ஊர்ப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பியாட்ரிஸ் படித்தார். கணக்கும் சங்கீதமும் அவருக்கு இரண்டு கண்களாக இருந்தன. வயலினில் நல்ல தேர்ச்சி பெற்றார். அதையே தொழிலாக எடுத்துக்கொண்டிருந்தாலும் பெயர் பெற்றிருப்பார். ஆனால் சிறு வயதிலேயே அவர் மனம் வானத்தின் பக்கம் திரும்பிவிட்டது. பிரபஞ்சம் எப்படி உண்டாயிற்று, எங்கே போய் முடியும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கடைசி வரை அது விடவில்லை.

உதவித்தொகை பெற்று, கிறைஸ்ட்சர்ச் நகரிலுள்ள கான்டர்பரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் விரும்பிய துறையில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஆகவே இயற்பியலில், ஒரு படிகத்தைப் பற்றிய ஆராய்ச்சி செய்து, முதல் வகுப்பில் எம்.எஸ்ஸி. தேறினார். 1961-ல் உடன் படித்த பிரயன் டின்ஸ்லி என்ற இயற்பியலாரை மணந்துகொண்டார். கணவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை. அதனாலேயே மனைவிக்கு அங்கு வேலை கிடையாது என்றாகிவிட்டது. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் உத்தியோகம் பார்க்கக்கூடாது என்ற வழக்கம் அன்று பல தேசங்களில் இருந்தது. விதி இருவருக்கும் பொதுவானதுதான். ஆனால் வீட்டில் உட்கார வேண்டியவர் எப்போதும் மனைவியாகவே இருந்தார்.

வாரத்துக்கு இரண்டு முறை பிரயாணம்

1963-ல் பிரயனுக்கு அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்து டல்லஸ் நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. தம்பதியர் அங்கே போனார்கள். கணவருக்கு ஆய்வுக்கூடமும் சகாக்களும் இருந்தனர். மனைவிக்கு அடுப்படியும் அக்கம்பக்கத்து விருந்துகளும் இருந்தன. முதல் வகுப்பில் தேறிய ஒருவருக்கு இது சிறைவாசம் போல இருந்ததில் ஆச்சரியமில்லை.

வானியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வசதியான இடம் ஆஸ்டின் நகரில் இருந்த டெக்ஸாஸ் பல்கலைக்கழகம். டல்லஸிலிருந்து அது சுமார் 310 கிலோமீட்டர் தூரம். ஏறத்தாழ சென்னையிலிருந்து திருச்சிக்குப் போவது போல. 1964-ல் அங்கே சேர்ந்த டின்ஸ்லி அம்மையார், குடித்தனத்தை டல்லஸில் வைத்துக்கொண்டே வாரத்துக்கு இரண்டு முறை இந்தத் தூரத்தைப் போய் வந்து படித்தார். பரீட்சைகளில் நூற்றுக்கு 99, 100 என்று மதிப்பெண் வாங்கினார். மற்றவர்கள் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் டாக்டர் பட்ட ஆராய்ச்சியை 1966-ம் ஆண்டு இறுதிக்குள் முடித்துவிட்டார். அதே காலத்தில்தான் ஓர் ஆண் குழந்தையைத் தத்து எடுத்துக்கொண்டனர். 1968-ல் ஒரு பெண் குழந்தையும் அந்தக் குடும்பத்துக்கு வந்தது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே நட்சத்திரக் கணக்கும் நடந்தது.

குடும்பக் கணக்கும் நட்சத்திரக் கணக்கும்

அவர் எழுதிய ஆராய்ச்சி நூலின் பொருள் என்ன என்பதை எளிதாகவே சொல்லிவிடலாம். ஒரு காலக்ஸி என்பது கோடானுகோடி நட்சத்திரங்களும் வாயுவும் தூசியும் சேர்ந்த பெருங்கூட்டம். நம் பால்வீதியும் அப்படிப்பட்ட ஒன்றே. குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளி ஆண்டுகள் உள்ள தோசைக்கல்லைப் போன்ற தட்டு வடிவம். அதில் பத்தாயிரம் கோடிக்கும் குறையாத நட்சத்திரங்கள் இருப்பதாகக் கணக்கு.

ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் போலவே இந்தத் தட்டின் கணக்கையும் எழுதலாம். கையில் உள்ள ரொக்கம்தான் வாயு. வாயு திரண்டு நட்சத்திரமாவது செலவு. மிகப் பெரிய நட்சத்திரங்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து, வெடித்து, வாங்கிய வாயுவில் பெரும்பகுதியைப் புதிய மூலகங்களோடு திருப்பித் தந்துவிடுகின்றன. இது வட்டியோடு திரும்பிவரும் முதல். சூரியனைப் போன்ற நடுத்தர நட்சத்திரங்கள் ஆயிரம் கோடி ஆண்டு தவணை வைப்பு நிதி போன்றவை. அவற்றிலும் சிறியவை இன்னும் பல மடங்கு நீண்ட காலத்துக்கு முடங்கிப்போன பணம். இவற்றையெல்லாம் சேர்த்து, ஆண்டுதோறும் எத்தனை நட்சத்திரம் பிறக்கிறது, எத்தனை சாகிறது, மிச்சம் எவ்வளவு, காலக்ஸியின் மொத்த வெளிச்சமும் நிறமும் காலப்போக்கில் எப்படி மாறும் என்று கம்ப்யூட்டரின் உதவியோடு அவர் கணித்தார்.

அதுவரை வானியலார் நட்சத்திரங்களைத் தனியாகவும் காலக்ஸிகளைத் தனியாகவும் ஆராய்ந்தார்கள். நட்சத்திரம் பிறந்து வளர்ந்து சாவது எல்லோருக்கும் தெரியும். அந்த நட்சத்திரங்களால் ஆன காலக்ஸியும் அதனால் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை முழுக் கணக்காக எழுதிக் காட்டியதே அம்மையாரின் சாதனை. இந்தக் கணக்கு 1968-ல் கட்டுரையாக வெளிவந்தது.

பெரியவரோடு மோதல்

அந்தக் காலத்தில் வானியல் உலகில் ஆலன் சாண்டேஜ் என்ற பெயருக்குத் தனி மரியாதை இருந்தது. கலிபோர்னியாவில் பாலோமர் மலைமீதுள்ள 200 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு அவர் பிரபஞ்சத்தின் கதியை அளந்துகொண்டிருந்தார். விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சம் ஒரு நாள் நின்று சுருங்குமா, அல்லது முடிவின்றி விரியுமா என்பது கேள்வி. மிகப் பெரிய காலக்ஸிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு பிரகாசம் உள்ளவை என்று எடுத்துக்கொண்டு, மங்கலாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது, பளிச்சென்று தெரிவது பக்கத்தில் இருக்கிறது என்று அவர் தூரங்களைக் கணித்தார்.

இரவில் தண்டவாளத்தில் தூரத்தே வரும் எஞ்சினின் முன்விளக்கைப் பார்த்து அது எவ்வளவு தொலைவில் வருகிறது என்று சொல்வது போன்றது இது. எல்லா எஞ்சினுக்கும் ஒரே பவர் விளக்கு இருந்தால்தான் இந்தக் கணக்குச் சரிப்படும். தூரத்துக் காலக்ஸியின் வெளிச்சம் நம்மை வந்தடைய நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே நாம் பார்ப்பது அதன் இளமைக் கோலத்தை. இளமையில் அதிலே பெரிய நட்சத்திரங்கள் பல உயிரோடு இருந்திருக்கும். பிரகாசமும் கூடுதலாக இருந்திருக்கும். இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் தூரக் கணக்குத் தவறும். தூரக் கணக்குத் தவறினால் பிரபஞ்சத்தின் தலைவிதியைப் பற்றிய முடிவும் தவறும். இதுதான் டின்ஸ்லி அம்மையாரின் வாதம்.

பெயர் தெரியாத ஓர் இளம்பெண், இரண்டு குழந்தைகளின் தாய், நிரந்தர வேலைகூட இல்லாதவர், உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியில் வேலை செய்தவரின் அடிப்படையையே கேள்வி கேட்டார். சாண்டேஜ் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. வாதப் பிரதிவாதங்கள் பல ஆண்டுகள் நீடித்தன. காலம் செல்லச் செல்ல, திருத்தம் அவசியம்தான் என்பதை வானியல் உலகம் ஏற்றுக்கொண்டது. 1974-ல் காட், கன், ஷ்ராம் என்ற மூன்று விஞ்ஞானிகளோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, பிரபஞ்சம் முடிவின்றி விரிந்துகொண்டே போகும் என்று பல வகைச் சான்றுகளைத் திரட்டிக் காட்டியது. அடுத்த ஆண்டே, விரிவின் வேகம் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போகவும் இடமுண்டு என்று கன்னும் அவரும் எழுதினார்கள். அன்றைய அளவீடுகள் அதை உறுதி செய்யப் போதுமானவையாக இல்லை. 1998-ல் வேறு வழியில், வெடிக்கும் நட்சத்திரங்களைக் கொண்டு, வேகம் கூடுவதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அப்போது அம்மையார் மறைந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிரிவு

1974-ல் அமெரிக்க வானியல் சங்கம் அவருக்கு ஆனி கேனன் பரிசை அளித்துக் கௌரவித்தது. வெளியே இவ்வளவு புகழ் வந்தும், வசித்த ஊரில் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அரைநேர வேலைகளும் தற்காலிகப் பதவிகளுமே கிடைத்தன. கணவருக்கு வேலை டல்லஸில். மனைவிக்கு வேலை தரத் தயாராக இருந்த பல்கலைக்கழகங்கள் தொலைவில். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது.

1974-ல் அவர் மணவாழ்க்கையை முறித்துக்கொண்டு டல்லஸை விட்டுப் புறப்பட்டார். குழந்தைகள் தகப்பனாரிடம் இருந்தார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் படிப்பைத் தேடிப் போன தாய் என்று அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. பிழைப்புக்காகப் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வெளியூர் போகும் தகப்பனை உலகம் குறை சொல்வதில்லை. தாய் அதையே செய்தால் பொறுப்பதில்லை. அந்தப் பிரிவின் வேதனை அவருக்குக் கடைசி வரை இருந்தது. அது ஒரு பக்கம். அவர் டல்லஸிலேயே இருந்திருந்தால் அவருடைய ஆராய்ச்சி பாதியில் நின்றிருக்கும் என்பது இன்னொரு பக்கம். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது மூன்றாம் மனிதருக்கு எளிது.

யேல் பல்கலைக்கழகத்தில்

1975-ல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், நியூ ஹேவன் நகரிலுள்ள புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1978-ல் அங்கே வானியல் பேராசிரியை ஆனார். அப்பல்கலைக்கழகத்தில் அந்தப் பதவியை அடைந்த முதல் பெண்மணி அவரே. 1977-ம் ஆண்டு மே மாதம், காலக்ஸிகளின் பரிணாமம் பற்றி அவரும் ரிச்சர்டு லார்ஸன் என்ற சக பேராசிரியரும் அங்கே நடத்திய மாநாடு, அந்தத் துறைக்கே அஸ்திவாரம் போட்டதாக இன்றும் கருதப்படுகிறது.

யேலில் இருந்த காலத்தில்தான் மூலகங்களின் கணக்கை அவர் ஆழமாக எழுதினார். அந்தக் கணக்கில் ஓரிடத்தில் இடித்தது. சூரியனைச் சுற்றியுள்ள வட்டாரத்தை வெளியிலிருந்து ஒன்றும் வராத மூடிய பெட்டியாக வைத்துக்கொண்டால், ஆரம்பத்தில் இரும்பு முதலியவை குறைவாக இருந்தபோது பிறந்த சிறு நட்சத்திரங்கள் ஏராளமாக இருக்க வேண்டும். சிறு நட்சத்திரங்களுக்கு ஆயுள் அதிகம். ஆகையால் அவை இன்றும் உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் தேடிப் பார்த்தால் அவ்வளவு இல்லை. பெட்டி மூடியதன்று, வெளியிலிருந்து புது வாயு கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிறது. முதலில் கையில் இருந்த வாயு சொற்பம். ஆகவே சில நட்சத்திரங்கள் வெடித்ததுமே அது மூலகங்கள் நிறைந்ததாகிவிட்டது. பிறகு வந்த புது வாயு அதோடு கலந்தது. வெளியூரிலிருந்து பணம் வந்துகொண்டிருக்கும் குடும்பத்தின் கணக்கை உள்ளூர் வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் புரியாது அல்லவா, அதைப் போல.

1979-ல் இன்னொரு நுட்பத்தை எடுத்துக்காட்டினார். பிராணவாயுவைப் பெரிய நட்சத்திரங்கள் உடனுக்குடன் தந்துவிடுகின்றன. இரும்பில் பெரும் பங்கு வேறு வகை நட்சத்திரங்களிலிருந்து, நீண்ட காலத்துக்குப் பின், வேறு வகை வெடிப்பால் வருகிறது. ஆகவே ஒரு நட்சத்திரத்தில் பிராணவாயுவுக்கும் இரும்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், அது எந்தக் காலத்துச் சரக்கால் செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம். விகிதமே ஒரு கடிகாரமாகிறது. இன்று உலகெங்கும் வானியலார் இந்தக் கடிகாரத்தைப் பயன்படுத்துகின்றனர். 1980-ல் இத்துறை முழுவதையும் தொகுத்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை, மாணவர்களுக்கு இன்றும் பாடநூல் போலப் பயன்படுகிறது. 1968-ல் எழுதிய முதல் பெரும் கட்டுரைக்கு வைத்த அதே தலைப்பையே இதற்கும் வைத்திருந்தார். காலக்ஸிகளிலுள்ள நட்சத்திரங்கள், வாயு ஆகியவற்றின் பரிணாமம் என்பது அந்தத் தலைப்பு.

இடக்கையால் எழுதிய கணக்கு

பேராசிரியை ஆன அதே 1978-ல் அவருடைய காலில் ஒரு கட்டி கண்டது. பரிசோதித்ததில் மெலனோமா என்ற கொடிய புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்று ஆண்டுகள் சிகிச்சை நடந்தது. சிகிச்சைக்கு நடுவே வேலையும் நடந்தது. நோய் மூளையைத் தாக்கி வலக்கை செயலிழந்தபோது, இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். சூரியனின் சுற்றுவட்டாரத்தில் மூலகங்கள் சேர்ந்த வரலாற்றைப் பற்றிய கடைசிக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிய சில நாட்களில், 1981-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி உயிர் நீத்தார். அவர் இறந்து பல மாதங்களுக்குப் பின், அந்த ஆண்டு இறுதியில் கட்டுரை அச்சாகி வெளிவந்தது. வயதான தகப்பனார் மகளின் கடிதங்களைத் தொகுத்து, 1986-ல் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார்.

ஓடும் நட்சத்திரங்கள்

டின்ஸ்லி காலத்துக் கணக்குகளில் வசதிக்காக ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பால்வீதித் தட்டை, மையத்திலிருந்து இவ்வளவு தூரம் என்று வளையம் வளையமாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனிப் பேரேடு எழுதினார்கள். எந்த வளையத்தில் பிறந்ததோ அதே வளையத்தில்தான் நட்சத்திரம் சாகும் என்பது அதன் அடிப்படை. பெரிய நட்சத்திரங்களுக்கு இது சரியே. அவற்றுக்கு ஓட நேரமே இல்லை. ஆனால் பல நூறு கோடி ஆண்டு வாழும் சிறு நட்சத்திரங்களின் விஷயம் வேறு.

1993-ல் ஸ்காண்டிநேவிய வானியலார் சூரியனின் அக்கம்பக்கத்திலுள்ள 189 நட்சத்திரங்களை நுட்பமாக ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இந்தச் சிக்கலை வெட்ட வெளிச்சமாக்கியது. ஒரே வயது, ஒரே வட்டாரம், ஆனால் இரும்புச் சத்து ஒன்றுக்கொன்று வெகுவாக வித்தியாசப்பட்டது. ஒரே தெருவில் ஒரே வயதுள்ள பத்துப் பேர் பத்து விதமான பேச்சு வழக்கில் பேசினால், அவர்கள் எல்லோரும் அந்தத் தெருவிலேயே பிறந்தவர்கள் அல்லர் என்றுதானே முடிவு செய்வோம்.

நட்சத்திரங்கள் எப்படி இடம் மாறுகின்றன என்பதற்கு 2002-ல் செல்வுட், பின்னி என்ற இரு விஞ்ஞானிகள் தெளிவான விளக்கம் தந்தார்கள். பால்வீதித் தட்டில் சுருள் கைகள் உண்டு. அவையும் சுழல்கின்றன. வேறு வேகத்தில் போகும் நட்சத்திரத்தைச் சுருள் கை ஒரு சமயம் முன்னே இழுக்கும், ஒரு சமயம் பின்னே இழுக்கும். மொத்தத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் சுருள் கையும் நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், பக்கம் பக்கமாக ஓடும் இரண்டு ரயில்களைப் போலப் போனால், இழுப்பு நீண்ட காலத்துக்கு ஒரே திசையில் இருக்கும். கைக்குப் பின்னால் வரும் நட்சத்திரம் முன்னோக்கி இழுக்கப்பட்டு, வெளிப்பக்கத்துப் பெரிய வட்டத்துக்குப் போய்விடும். முன்னால் போவது பின்னோக்கி இழுக்கப்பட்டு, உள்வட்டத்துக்கு வந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், புது வட்டத்திலும் அது பழையபடி ஒழுங்காகவே சுற்றும். பார்த்தால் பூர்வீகமாக அங்கேயே இருந்ததைப் போலத் தோன்றும்.

ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் பிரயாணியின் முகத்தைப் பார்த்து, அவர் எந்த ஸ்டேஷனில் ஏறினார் என்று சொல்ல முடியாது. டிக்கெட்டை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நட்சத்திரத்துக்கு டிக்கெட் அதன் மூலகச் சேர்க்கையே. மையத்துக்கு அருகில் இரும்பு முதலியவை அதிகம். வெளியே போகப் போகக் குறைவு. எனவே ஒரு நட்சத்திரத்தின் வயதும் அதிலுள்ள மூலகங்களும் தெரிந்தால், எந்த வளையத்தில் பிறந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அந்த டிக்கெட்டை வாசிப்பதற்கு டின்ஸ்லி அம்மையார் வகுத்த கணக்கு வேண்டும். அவர் வசதிக்காக ஒதுக்கி வைத்த ஓட்டத்தைக் கண்டுபிடிக்க அவருடைய பேரேடே உதவுகிறது.

2013-ம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய நாடுகள் அனுப்பிய கையா என்ற விண்கலம், 2025 ஜனவரி வரை நூறு கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்களின் இருப்பிடத்தையும் ஓட்டத்தையும் அளந்து தந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலுமுள்ள தொலைநோக்கிகள் லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து, மூலகங்களை எடை போட்டிருக்கின்றன. இவற்றை வைத்துப் பார்த்ததில், இடம் மாறிய நட்சத்திரங்கள் நம் வட்டாரத்தில் ஏராளம் என்று தெரிகிறது. மையத்திலிருந்து 26,000 ஒளி ஆண்டு தூரத்தில் இன்று சுற்றும் நம் சூரியனே இன்னும் உட்பக்கத்தில் பிறந்து இங்கே குடிவந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகின்றனர். அப்படியானால் பூமியும், அதிலுள்ள நாமும், குடிபெயர்ந்தவர்களே.

பெயர் நிலைத்தது

அமெரிக்க வானியல் சங்கம் 1986-ல் டின்ஸ்லி பெயரில் ஒரு பரிசை ஏற்படுத்தியது. புதுமையான ஆராய்ச்சிக்குத் தரப்படும் அந்தப் பரிசை எந்த நாட்டவரும் பெறலாம். குடியுரிமை குறுக்கே நிற்காது. நியூஜிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறுங்கோள் அவர் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றுகிறது. 2010-ல் அந்நாட்டின் தென்தீவிலுள்ள ஒரு மலைச் சிகரத்துக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டது.

ரிஷி மூலமும் நதி மூலமும் பார்க்கக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நட்சத்திர மூலத்தை ஆராய்ந்து பார்த்தே தீருவது என்று ஒரு பெண்மணி முனைந்தார். இங்கிலாந்தில் பிறந்து, நியூஜிலாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் மூன்று ஊர்களில் உழைத்து, ஓரிடத்திலும் நிலையாகத் தங்காமல் போன வாழ்க்கை அவருடையது. போன இடமெல்லாம் பிறந்த மண்ணின் பேச்சை நாக்கில் சுமந்து செல்லும் மனிதனைப் போல, நட்சத்திரமும் பிறந்த இடத்தின் அடையாளத்தை உடம்பில் சுமந்தே ஓடுகிறது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது அழிவதில்லை.